சாதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம்: இந்துச் சமூகங்களின் மீதான விளைவை விவாதிப்பது எப்படி?

தமிழ்ச் சங்கக் கூட்டமாகட்டும், மாணவர் மன்றமாகட்டும், நகரசபை விசாரணையாகட்டும், சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் என்று பேச்செடுத்தால் சில நிமிடங்களிலேயே விவாதம் தடம் புரண்டுவிடுகிறது. ஒருவர் மனுஸ்மிருதியை எடுப்பார். இன்னொருவர் வெள்ளைக்காரன் எடுத்த சாதிக் கணக்கெடுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார். மூன்றாமவர் தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்குத் தாவிவிடுவார். மேசைமேல் இருக்கும் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இந்த விவாதம் உச்சத்துக்கு வந்தது 2023-ல், பாகுபாட்டுத் தடைச் சட்டங்களில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்க்க முயன்ற கலிஃபோர்னியாவின் எஸ்.பி. 403 மசோதாவோடு. அதையே பாடமாக வைத்து, இப்படியொரு விவாதத்துக்கு எப்படித் தயாராவது, எங்கே சறுக்கும், எதைக் கேட்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறோம். ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவருக்கும் இது உதவும்.

முதலில் நடந்ததை வரிசைப்படுத்துங்கள்

தேதிகளைக் குழப்பினால் எதிரணிக்கு வேலை மிச்சம். 2020 ஜூன் 30 அன்று கலிஃபோர்னியா மாநிலத்தின் குடிமை உரிமைத் துறை, சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. இரண்டு மேலாளர்கள் மீதான குற்றச்சாட்டை 2023 ஏப்ரலில் அந்தத் துறையே விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கை விலக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "வழக்கே பொய் என்று ஆகிவிட்டது" என்பதும் தவறு, "சிஸ்கோவில் சாதிக் கொடுமை நிரூபிக்கப்பட்டது" என்பதும் தவறு.

2022 ஜனவரியில் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகரசபை 6-க்கு 1 என்ற வாக்கில், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிரெஸ்னோ இரண்டாவதாக வந்தது. செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த எஸ்.பி. 403, மே மாதம் மாநில செனட்டில் 34-க்கு 1, ஆகஸ்டில் பேரவையில் 50-க்கு 3 என்று நிறைவேறியது. அக்டோபர் 7 அன்று ஆளுநர் கவின் நியூசம் அதைத் தடுப்பாணையால் நிறுத்தினார்.

அவர் சொன்ன காரணத்தை மனப்பாடமாக வைத்திருங்கள்: இப்போதுள்ள சட்டப் பிரிவுகளே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கின்றன, ஆகவே இந்த மசோதா தேவையில்லை. சாதிப் பாகுபாடு இல்லை என்று அவர் சொல்லவில்லை. மசோதா இந்துக்களுக்கு எதிரானது என்றும் சொல்லவில்லை. இரு தரப்பும் இதைத் தங்கள் வெற்றியாகப் பேசுவதைக் கேட்கலாம். எதிர்த்தவர்கள் மசோதா விழுந்ததைக் காட்டுவார்கள். ஆதரித்தவர்கள், சாதிப் பாகுபாடு ஏற்கெனவே சட்டவிரோதம் என்று ஆளுநரே எழுதிவிட்டதைக் காட்டுவார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

சட்டத்தின் வாசகத்தை வாய்விட்டுப் படியுங்கள்

இதுதான் முக்கியமான படி. பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

சியாட்டில் சட்டத்தில் சாதிக்கான வரையறையின் சாரம் இது: பிறப்பால் வரும் அந்தஸ்து, அகமணம் (தன் குழுவுக்குள்ளேயே மணப்பது), வழக்கமோ சட்டமோ சமயமோ ஏற்பளித்த சமூகத் தடைகள் இவற்றைக் கொண்ட இறுக்கமான அடுக்குமுறை. எஸ்.பி. 403-இன் இறுதி வடிவம் வேறு மாதிரி: பரம்பரை அந்தஸ்தை அடிப்படையாகக் கொண்ட சமூக அடுக்குமுறையில் ஒருவருக்கு இருப்பதாகக் கருதப்படும் இடம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சியாட்டிலில் 'சமயம்' என்ற சொல் இருக்கிறது. கலிஃபோர்னிய வரையறையில் இல்லை. இரண்டு வரையறைகளிலுமே இந்து என்ற சொல் இல்லை. அப்படியானால் "சட்டமே இந்து மதத்தைக் குற்றவாளியாக்குகிறது" என்ற வாதம் எஸ்.பி. 403-க்கு அப்படியே பொருந்தாது. எதிர்ப்பவர் வேறு வழியில் போக வேண்டும்: சொல் நடுநிலையாக இருந்தாலும், சாதி என்றதும் அமெரிக்கப் பொதுப்புத்தியில் இந்தியாவும் இந்து மதமும்தான் வருகின்றன, எனவே நடைமுறையில் சுமை ஒரு சமூகத்தின் தலையில் விழும் என்பது அந்த வாதம். இது வலுவானது. சிஸ்கோ வழக்கின் மனுவிலேயே சாதியை இறுக்கமான இந்துச் சமூக, சமய அடுக்குமுறை என்று அரசுத் துறை எழுதியிருந்தது. ஒரு மதத்தின் கோட்பாடு இதுதான் என்று அரசு எப்படிச் சொல்லலாம் என்று கேட்டு இந்து அமெரிக்க அறக்கட்டளை நீதிமன்றத்துக்குப் போனது இதனால்தான். அந்தக் கேள்வியை ஆதரவாளர்கள் தட்டிக்கழிக்கக் கூடாது.

அதேபோல 'கருதப்படும்' என்ற சொல்லையும் கவனியுங்கள். கீழ்ச்சாதி என்று கருதப்பட்டு ஒதுக்கப்பட்டவர் மட்டுமல்ல, "இவர் ஐயர், இவரை எடுக்காதே" என்று ஒதுக்கப்பட்டவரும் அதே வரியின் கீழ் முறையிடலாம். இது ஒரு பக்கத்துக்கு மட்டுமான சட்டம் என்று சொல்பவருக்கு இந்த ஒரு சொல்லே பதில்.

இன்னொன்று: மசோதாவின் முதல் வடிவத்தில் சாதி தனி வகையாக நின்றது. பேரவைக்கு வந்த பிறகுதான் 'வம்சாவழி' என்ற வகையின் உட்பிரிவாக மாற்றினார்கள். சட்டமன்ற விவாதத்தில் எதிர்ப்புக்கு இப்படியும் பலன் உண்டு. எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று கையில் திருத்தத்தோடு போகிறவர் சொல்வது காதில் விழும்.

மூன்று கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

சாதிப் பாகுபாடு இங்கே நடக்கிறதா? நடந்தால் இப்போதுள்ள சட்டம் போதுமா? புதிதாகப் பெயர் சொல்லிச் சேர்த்தால் இந்துச் சமூகங்களுக்கு என்ன ஆகும்? இந்த மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவதுதான் விவாதம் கெடுவதற்கு முதற்காரணம். ஒன்றுக்கு 'ஆம்' என்பதால் அடுத்ததற்கும் 'ஆம்' என்று ஆகாது. நியூசம் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

முதல் கேள்விக்கு 'இல்லவே இல்லை' என்று எதிர்ப்பவர் வாதிட்டால் தோற்பார். தமிழர்கள் நிறைந்த அவையில் அது எடுபடாது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடும் வழக்கம் பெருமளவில் ஒழிந்துவிட்டது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் முன்னே நிற்கிறது. ஆகவே பெயரைப் பார்த்துச் சாதி தெரியாது. தெரியாததால்தான் கேள்விகள் சுற்றிவளைத்து வருகின்றன: சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, வீட்டில் கறி சமைப்பீர்களா. முதுகில் தட்டுவது போலப் பூணூலைத் தடவிப் பார்ப்பதும் இதில் சேரும். நம்மில் இதைக் கேள்விப்படாதவர் குறைவு. இப்படிக் கேட்பது மட்டுமே சட்டமீறல் ஆகிவிடாது என்பதையும் ஆதரவாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பதிலை வைத்து வேலையிலோ வீட்டு வாடகையிலோ ஒருவருக்குப் பாதகம் செய்தால்தான் சட்டம் உள்ளே வரும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் வீட்டுப்பாடம் அதிகம். 1964-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் குடிமை உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு இனம், நிறம், சமயம், பாலினம், தேசியப் பூர்வீகம் ஆகிய ஐந்தைச் சொல்கிறது. வம்சாவழி அதில் இல்லை. கலிஃபோர்னியாவின் வேலைவாய்ப்பு, குடியிருப்புச் சட்டத்தில் வம்சாவழி இருக்கிறது. கூட்டாட்சிச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களுக்குப் பொருந்தும். மாநிலச் சட்டம் 5 பேர் இருந்தாலே போதும். மாநிலத் துறையிடம் முறையிட மூன்றாண்டு அவகாசம் உண்டு. இந்த வேறுபாடுகள் தெரியாமல் "ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே" என்றால், எந்தச் சட்டம் என்ற ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்கள்.

பிரிட்டன் இதற்கு நல்ல ஒப்பீடு. 2010 சமத்துவச் சட்டம், சாதியை இனத்தின் கூறாகச் சேர்க்க அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. 2013-ல் நாடாளுமன்றம் அதைக் கட்டாயமாக்கியது. 2014 இறுதியில், ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் வழக்கில் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 'இனப் பூர்வீகம்' என்ற சொல்லே சில சாதி வழக்குகளை உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது என்றது. 2018 ஜூலையில் அரசு, வழக்குத் தீர்ப்புகளே போதும், தனியாகச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. எதிர்ப்பவருக்கு இது கைகொடுக்கும். ஆனால் அந்தப் பெண் பீகாரைச் சேர்ந்த ஆதிவாசி, கிறித்தவர். சாதி வழக்கு என்றால் இந்துவுக்கும் இந்துவுக்கும் நடப்பது என்ற எண்ணத்தை இது உடைக்கிறது. திருச்சி மேலப்புதூரில் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித்துகளின் கல்லறைகளைப் பிரிக்க எழும்பிய சுவரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

ஒரு கற்பனை வழக்கை ஓட்டிப் பாருங்கள்

தயாரிப்பில் இரண்டு மணிநேரம் இருந்தால் ஒன்றை இதற்கே ஒதுக்கலாம். ஒரு மென்பொருள் குழு. கல்லூரியில் இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்று ஒருவரைப் பற்றி மேலாளருக்கு மதிய உணவு நேரத்தில் தெரியவருகிறது. அதைப் பிறர் முன்னால் சொல்லிச் சிரிக்கிறார். அடுத்த மதிப்பீட்டில் அவருக்கு ஊக்கத்தொகை இல்லை.

இப்போது வழக்கறிஞர் இடத்தில் உட்காருங்கள். இருவரும் இந்தியர், அதனால் தேசியப் பூர்வீகம் என்று சொல்வது கடினம். இருவரும் இந்து, அதனால் சமயம் என்பதும் இழுபறிதான். வம்சாவழி என்று வாதிடலாம்; ஆனால் சாதி வம்சாவழிக்குள் வருமா என்பதையே முதலில் வாதாடி நிறுவ வேண்டியிருக்கும். ஆளுநரின் தடுப்பாணைக் குறிப்பு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்பதற்கு எங்கள் கணிப்பில் வலுவான காரணம் இதுதான். உரிமை இருக்கிறது என்பது வேறு, முறையீட்டுப் படிவத்தை நிரப்பும்போது எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று தெரிவது வேறு.

அடுத்து மேலாளர் இடத்துக்கு மாறுங்கள். ஊக்கத்தொகை மறுத்ததற்குச் சாதி சாராத காரணம் என்ன என்று நிறுவனம் காட்டும். அது வெறும் சாக்கு என்று முறையிட்டவர் நிறுவ வேண்டும். அமெரிக்கப் பாகுபாட்டு வழக்குகள் 1973-இன் மெக்டானல் டக்ளஸ் தீர்ப்பிலிருந்து ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன. மேலாளருக்குச் சாதி தெரியவே தெரியாது என்றால் வழக்கு நிற்பது கடினம். "யார் வேண்டுமானாலும் யார்மீதும் பழி போடலாம்" என்ற அச்சத்துக்கு இதுதான் சரியான பதில். ஆனால் வழக்கு தோற்றாலும், விசாரணை நடக்கும் மாதங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் படும் பாடு உண்மையானது. ஆதரவாளர் அதை அலட்சியமாகப் பேசினால் அவையை இழப்பார்.

எண்களை எடுக்கும்போது

இரண்டு கணக்கெடுப்புகள் எப்போதும் வரும். தலித் உரிமை அமைப்பான ஈக்வாலிட்டி லேப்ஸ் 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், தலித்துகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வேலையிடத்தில் சாதியால் முறைகேடாக நடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். சுமார் 1,500 பேர் பதிலளித்தார்கள். ஆனால் அவர்கள் தற்செயல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். ஆகவே அதை "அமெரிக்கத் தலித்துகளில் 67 விழுக்காடு" என்று பொதுமைப்படுத்தக் கூடாது. பதிலளித்தவர்களில் இத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுபக்கம் கார்னெகி அறக்கட்டளையின் 2020 கணக்கெடுப்பு: 1,200 இந்திய அமெரிக்கர்கள், சாதியால் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 5 விழுக்காடு. எதிர்ப்பவர்கள் இதை வைத்து, பிரச்சினை மிகச் சிறியது என்பார்கள். அதே அறிக்கையின் இன்னொரு பக்கத்தையும் படிக்க வேண்டும். இந்துக்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் தங்களை ஒரு சாதியோடு அடையாளப்படுத்தினார்கள். அப்படிச் செய்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பொதுப்பிரிவு, அதாவது உயர்சாதி. பாதிக்கப்படக்கூடியவர்கள் கைவிரல் எண்ணிக்கையில் இருக்கும் மாதிரியில், பாதிப்பின் அளவு சிறிதாகத்தான் தெரியும். இரண்டு கணக்கெடுப்புகளும் முதல் கேள்விக்கு 'ஆம்' என்கின்றன. எவ்வளவு என்பதை இரண்டாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கோயில், கல்யாணம், இட ஒதுக்கீடு

சட்டத்தில் இல்லாதவற்றைப் பற்றிய அச்சமே அவையில் அதிக நேரத்தைத் தின்னும். சுருக்கமாக முடித்துவிடுங்கள். கலிஃபோர்னிய வேலைவாய்ப்புச் சட்டம் லாபநோக்கற்ற சமய அமைப்புகளை முதலாளி என்ற வரையறையிலிருந்தே விலக்கியிருக்கிறது. அர்ச்சகர் நியமனம் போன்ற சமயப் பொறுப்புகளில், ஹொசானா-தாபோர் வழக்கில் 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பாதுகாப்பு வேறு இருக்கிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆவது தமிழ்நாட்டின் விவாதம். அதை இங்கே இறக்கினால் இரண்டும் கெடும். யாரை மணப்பது என்பது இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. இட ஒதுக்கீடு பற்றி எஸ்.பி. 403-ல் ஒரு வரிகூட இல்லை.

"இந்துச் சமூகம்" என்று யாரைச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை இரு தரப்பும் தவறாகக் கையாள்வதைப் பார்க்கிறோம். எதிர்த்து நின்ற வட அமெரிக்க இந்துக் கூட்டமைப்பும் இந்து அமெரிக்க அறக்கட்டளையும் இந்து அமைப்புகள். ஆதரித்து நின்ற 'மனித உரிமைகளுக்கான இந்துக்கள்' அமைப்பும் இந்து அமைப்புதான். தலித் இந்துக்கள் இந்துக்கள் அல்லாமல் வேறு யார்? சட்டம் இந்துக்களைப் பாதிக்கும் என்று பேசும்போது, சட்டம் இல்லாமல் பாதிக்கப்படும் இந்துக்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்ற வைத்தியநாத ஐயர் பக்தியுள்ள இந்து. கதவை அடைக்க நினைத்தவர்களும் இந்துக்களே.

அதே நேரத்தில், எதிர்ப்பவர் எல்லோரையும் சாதிவெறியர் என்று முத்திரை குத்துவது அநியாயம். தன் பிள்ளை பள்ளியில் "நீ என்ன சாதி?" என்ற கேள்வியை எதிர்கொள்ளுமோ என்று பயப்படும் தாயின் அச்சம் நேர்மையானது. கனடாவில் 2023 மார்ச்சில் டொரண்டோ பள்ளி வாரியம், அறங்காவலர் யாழினி ராஜகுலசிங்கம் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்றபோதும் இதே அச்சம்தான் எழுந்தது. வாரியம் தன்னந்தனியாக முடிவெடுக்காமல் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் உதவியைக் கேட்டது. ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில், சாதிப் பாகுபாடு இப்போதுள்ள மனித உரிமைச் சட்டத்துக்குள் அடங்கும் என்றது. அச்சம் உள்ளவர்கள் கேட்க வேண்டியது பயிற்சிப் பாடத்தைத்தான்: ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சாதி பற்றி என்ன சொல்லித்தரப் போகிறீர்கள், அதை எழுதுவது யார், யாரிடமும் சாதி கேட்கக் கூடாது என்று அதில் இருக்கிறதா? கெடுதல் பெரும்பாலும் சட்டத்தின் வரியிலிருந்து வருவதில்லை, அரைகுறையாகத் தயாரித்த பயிற்சிப் படங்களிலிருந்து வருகிறது.

விசாரணையில் பேசப் போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியச் சட்டமன்றக் குழுவில் ஒரு தரப்புக்குப் பொதுவாக இரண்டு முதன்மைச் சாட்சிகள்தான், ஆளுக்கு ஓரிரு நிமிடம். மற்ற அனைவரும் வரிசையில் வந்து பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். நான்கு மணிநேரம் காரோட்டி வந்தவர்கள் இதை அறியாமல் நீண்ட உரையோடு நின்று, பாதியில் நிறுத்தப்படுவது வழக்கம். சொல்ல வேண்டியதைக் கடிதமாக இணையவழியில் முன்கூட்டியே அனுப்புங்கள். விசாரணைக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேர்ந்தால்தான் குழுவின் ஆய்வறிக்கையில் உங்கள் அமைப்பின் பெயர் ஏறும்.

நகரசபையில் எல்லோருக்கும் பேச வாய்ப்புண்டு. கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணிநேரம் முன்பே ஒட்டியாக வேண்டும்; பேசுவதற்குப் பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. தன் சாதி வெளியே தெரிவதை அஞ்சும் சாட்சிக்கு இது முக்கியம். இரண்டு நிமிடம் என்றால் ஆங்கிலத்தில் 250 சொல். கூட்டம் அதிகமானால் ஒரு நிமிடமாக வெட்டிவிடுவார்கள், ஆகவே 120 சொல்லில் ஒரு சுருக்க வடிவமும் கையில் இருக்கட்டும். முதல் வரியில் நிலைப்பாடு, இரண்டாவதில் நீங்கள் பேசும் பிரிவின் வாசகம், பிறகு ஒரே ஒரு சான்று, கடைசியில் கேட்கும் திருத்தம். வேத வரலாற்றுக்கு அங்கே இடமில்லை.

சங்கத்துக்குள் நடத்தும்போது

பட்டிமன்றமாக நடத்தாதீர்கள். கைதட்டலுக்கும் நகைச்சுவைக்கும் பழகிய வடிவம் அது; சொந்த அவமானத்தைப் பேச வந்தவர் அந்த மேடையில் வாய் திறக்க மாட்டார். தரப்புக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஆறு நிமிடம், மூன்று கேள்விகளுக்கும் தனித்தனிச் சுற்று என்று வையுங்கள். அவையின் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுந்து கேட்க விட்டால் கேள்விக்குப் பதில் சொற்பொழிவு வரும்.

யாரிடமும் அவர் சாதியைக் கேட்கக் கூடாது, "நீங்கள் அந்தச் சமூகம், அதனால்தான் இப்படிப் பேசுகிறீர்கள்" என்று யாரும் சொல்லக் கூடாது. இந்த விதியைத் தொடக்கத்திலேயே அறிவித்து, மீறினால் ஒலிவாங்கியை வாங்கிவிடும் துணிச்சல் நெறியாளருக்கு இருக்க வேண்டும். குழுவில் தலித் பேச்சாளர் ஒருவர்கூட இல்லையென்றால், பாதிப்பைப் பற்றிய முதல் சுற்றை நடத்தாமல் தள்ளிப்போடுவதே மேல். ஆனால் ஒருவரை வலுக்கட்டாயமாக மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள்.

வரிவிலக்குப் பெற்ற சங்கமாக இருந்தால் நிர்வாகிகள் பதறுவார்கள். மசோதாவைப் பற்றி விவாதிக்கலாம், ஓரளவுக்கு ஆதரித்தோ எதிர்த்தோ கடிதமும் அனுப்பலாம். தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரிப்பதுதான் முழுத் தடை. ஆகவே மசோதாவைக் கொண்டுவந்தவரின் தேர்தல் பற்றி மேடையில் பேச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவில் வாக்கெடுப்பு வைத்தால் மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியாக, ரகசியச் சீட்டில் வையுங்கள். 'பாகுபாடு உண்டு, ஆனால் இப்போதுள்ள சட்டம் போதும்' என்று நினைப்பவருக்கும், 'சட்டம் வேண்டும், ஆனால் வரையறையில் சமயம் என்ற சொல் வேண்டாம்' என்று நினைப்பவருக்கும் அப்போதுதான் இடம் இருக்கும். அந்த எண்ணிக்கையைப் பெயர்களின்றி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்புங்கள்; கூடவே உங்கள் அவை கேட்கும் திருத்தத்தின் வாசகத்தையும் ஒரு வரியில் இணையுங்கள்.